வன்னியிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு: ஹோட்டல் புள்ளிகளில் அறை எடுப்பது எப்படி

சென்னைக்கு வைத்தியத்துக்கோ, கலியாண உடுப்பு எடுக்கவோ, பத்துமலைத் தைப்பூசத்துக்கோ போக ஆயத்தமாகிற குடும்பத்திடம், "என்ரை ஹோட்டல் பொயின்ற்ஸ் கிடக்கு, றூம் போட்டுத் தாறன்" என்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தப்பா சொல்வது இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் புதினமில்லை. ஹோட்டல் புள்ளி என்பது, ஒரு ஹோட்டல் குழுமத்தில் காசு கட்டித் தங்கும்போது உறுப்பினர் கணக்கில் சேர்ந்து, பிறகு காசுக்குப் பதிலாக அறை எடுக்க உதவுவது. சொல்வது சுலபம். எந்த ஹோட்டல், எத்தனை இரவு, யாருடைய பெயரில், இலவசம் என்று சொன்ன அறைக்கு மேசையில் ஏன் காசு கேட்கிறார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் விடை கிடைப்பதில்லை.

இணையத்தில் இதுபற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில் கடனட்டை வைத்திருப்பவர்களுக்கானது. புது அட்டை எடுத்தால் இத்தனை ஆயிரம் புள்ளி என்று தொடங்கும் அந்த வழி வவுனியாவில் இருக்கிறவருக்குத் திறக்காது. எங்களுக்குப் புள்ளி வரும் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று, வெளிநாட்டு உறவினரின் கணக்கு. மற்றது, நிறுவன வேலையாகக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் தங்குகிற இரவுகள். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் வைத்தே எழுதப்பட்டது.

எந்தத் திட்டங்கள்

நடைமுறையில் ஐந்து திட்டங்களைத் தெரிந்திருந்தால் போதும். மரியட் பொன்வோய், ஹில்டன் ஒனர்ஸ், ஐஎச்ஜி வன் றிவார்ட்ஸ், வேர்ல்ட் ஒவ் ஹயட், அக்கோர் குழுமத்தின் ஓல். ஐந்திலும் சேர்வது இலவசம். ஷெரட்டன், கோர்ட்யார்ட், லு மெரிடியன், வெஸ்டின் எல்லாம் மரியட் குடும்பம். டபிள்ட்ரீ, ஹில்டன் கார்டன் இன் ஹில்டனைச் சேர்ந்தவை. ஹொலிடே இன், கிரவுன் பிளாசா, இன்டர்கொன்டினென்டல் ஐஎச்ஜி. ஐபிஸ், நொவொட்டெல், மெர்க்யூர், மூவன்பிக் அக்கோர். பெயர்ப்பலகையில் தாய்க் குழுமத்தின் பெயர் இருக்காது என்பதால் இந்தக் குடும்பப் பட்டியல் தெரியாமல் நல்ல அறையைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

வன்னிக்குள் இந்தக் குழுமங்களின் ஹோட்டல் எதுவும் இல்லை. கொழும்பில் ஹில்டன், ஷெரட்டன், கோர்ட்யார்ட் இருக்கின்றன. அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் பயிற்சிப் பட்டறைக்கு அங்கே தங்கும்போது உறுப்பினர் இலக்கத்தைக் கொடுக்கத் தவறக்கூடாது. ஆனால் நிறுவனம் மொத்தமாகப் பதிந்த குழுக் கட்டணத்துக்குச் சில வேளை புள்ளி விழாது. சாவி வாங்கும்போதே "இந்தக் கட்டணத்துக்குப் புள்ளி உண்டா" என்று கேட்டுவிடுங்கள்.

அகோடா, புக்கிங் போன்ற இடைத்தரகர் தளங்களில் பதிந்த அறைக்குப் பொதுவாக ஹோட்டல் புள்ளி கிடைக்காது. மலிவு என்று அங்கே பதிந்துவிட்டு, பிறகு மேசையில் உறுப்பினர் இலக்கத்தை நீட்டிப் பயனில்லை. புள்ளி வேண்டுமென்றால் குழுமத்தின் சொந்தத் தளத்தில் அல்லது செயலியில் பதிய வேண்டும்.

உள்ளூர் வங்கிக் கடனட்டைப் புள்ளி வேறு சரக்கு. அது ஹோட்டல் புள்ளியாக மாறுமா, விமான மைலாக மட்டும் மாறுமா, பொருள் வாங்கும் கூப்பனாகத்தான் வருமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். மாற்றிய புள்ளியைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே அறை இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

முதல் வேலை: பெயர்

கணக்குத் திறக்கும்போது எங்கள் ஆட்களுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுவதும், கலியாணம் முடித்த பெண்ணுக்குச் சில ஆவணங்களில் கணவன் பெயர், முகநூலில் இன்னொரு பெயர். ஹோட்டல் கணக்கில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களை மட்டுமே பாவியுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுவே குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்ற கட்டத்தில் இருப்பது முதற்பெயர். கடவுச்சீட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், விமானச்சீட்டில் எப்படிப் போட்டிருக்கிறார்களோ அப்படியே இங்கும் போடுங்கள். விமானச்சீட்டு, விசா, அறைப்பதிவு மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் குடிவரவு மேசையிலும் ஹோட்டல் மேசையிலும் கேள்வி குறையும்.

தொலைபேசி இலக்கத்தை 94 உடன், முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள். இரகசிய இலக்கம் வரும் வழியாக மின்னஞ்சலைத் தெரிவு செய்வது நல்லது. வெளிநாட்டில் இறங்கிய பிறகு உள்ளூர் சிம்முக்குக் குறுஞ்செய்தி வராமல் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் நிற்கிறவர்கள் உண்டு.

பிறகு இடம், அதற்குப் பிறகுதான் ஹோட்டல்

புள்ளி இருக்கிறது என்பதற்காக ஹோட்டலைத் தெரிவு செய்வதுதான் புதியவர்கள் விடும் பெரிய பிழை. நாளுக்கு இரண்டு தரம் நீங்கள் எங்கே போய் வரப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியா, புடைவைக் கடையா, கோவிலா? அந்த இடத்தை வரைபடத்தில் குத்திவிட்டு, அதைச் சுற்றிப் புள்ளி ஹோட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசுக்கு அறை எடுப்பதே புத்தி.

சென்னையை எடுத்துக்கொள்வோம். பலாலியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் வன்னிக்காரர் அதிகம் போகும் வெளியூர் அதுதான். தேடினால் மிகக் குறைந்த புள்ளிக்குக் காட்டும் ஹோட்டல்கள் பழைய மாமல்லபுரம் வீதியில், அதாவது ஓஎம்ஆர் பக்கம், சிறுசேரி வரை பரந்து கிடக்கும். அவை கணினிக் கம்பனிகளுக்கு வருகிறவர்களுக்கானவை. சிறுசேரியிலிருந்து தியாகராய நகருக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் வரும், நெரிசல் நேரத்தில் அது அரை நாள். இன்டர்கொன்டினென்டல் சென்னை மகாபலிபுரம், ஷெரட்டன் கிராண்ட் சென்னை ஆகியவற்றின் பெயரில் சென்னை இருந்தாலும் அவை கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரத்துக்கு வெளியே இருக்கும் கடற்கரை விடுதிகள். கிரீம்ஸ் வீதி அப்பல்லோவுக்கு வருத்தக்காரரைக் கூட்டிப் போகிறவர் அங்கே அறை எடுத்தால், மிச்சம் பிடித்த அறைக்காசு முழுவதும் வாடகைக் காருக்குப் போய்விடும்.

சென்னையில் பார்க்க வேண்டியது அண்ணா சாலை. விமான நிலையத்திலிருந்து வரும் மெட்ரோவின் நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று அந்தச் சாலையோடேயே போகிறது. தேனாம்பேட்டையில் ஹயட் ரீஜென்சியும் கோர்ட்யார்டும் இருக்கின்றன. அண்ணா சாலைப் பக்கம் ஐபிஸ் ஒன்றும், சேமியர்ஸ் வீதியில் நொவொட்டெல் ஒன்றும் உண்டு. கிரீம்ஸ் வீதிக்கு ஆயிரம் விளக்கு நிலையமும், தியாகராய நகருக்கு நந்தனம் அல்லது தேனாம்பேட்டையில் இறங்கி ஓட்டோவும் வசதி. ஹில்டன் சென்னை கிண்டிக்கு அருகே ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது, பச்சை வழித்தடத்துக்குக் கிட்ட.

வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சொல். சிகிச்சை எத்தனை நாள் இழுக்கும் என்று முதலில் ஒருவருக்கும் தெரியாது. முழுக் காலத்துக்கும் புள்ளியில் அறை எடுக்க நினைக்காதீர்கள். முதல் மூன்று அல்லது ஐந்து இரவுக்குப் புள்ளியில் நல்ல அறை எடுத்து, அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் சமையல் வசதியுள்ள வாடகை அறையை நேரில் பார்த்து எடுங்கள். கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு இருப்பது வருத்தக்காரருக்கு ஐந்து நட்சத்திரத்தை விடப் பெரிய உதவி. அப்படிச் சிறு விடுதி தேடும்போது வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று வழங்கிவந்த வெளிநாட்டவர் பதிவை விடுதிக்காரர் இணையத்தில் செய்ய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத விடுதிகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடும். தமிழ் பேசுவதால் உள்ளூர் ஆள் என்று சமாளிக்கப் பார்ப்பது ஆபத்து. பிறகு சிக்கல் வந்தால் அது உங்கள் விசாவைத்தான் பாதிக்கும்.

கோலாலம்பூரில் தெரிவு சுலபம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தோடு ஒட்டி ஹில்டன், லு மெரிடியன், அலொஃப்ட் மூன்றும் நிற்கின்றன. விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். நிலையத்தின் மறுபக்கம் பிரிக்ஃபீல்ட்ஸ். சைவச் சாப்பாட்டுக் கடைகளும், இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோவிலும் அங்கேதான். பத்துமலைக்கும் அதே நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. வயதான தாய் தகப்பனோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் அந்த ஊரில் இல்லை. தைப்பூச வாரத்தில் மட்டும் பல மாதம் முந்தியே பதிய வேண்டும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் வீதிப் பக்கம் ஹில்டன் கார்டன் இன் இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோவிலும் முஸ்தபா கடையும் நடை தூரம். அங்கே அறைகள் சிறியவை. அதை அடுத்து வரும் ஆட்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

எத்தனை பேர்?

புள்ளி அறை என்றால் பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கான சாதாரண அறை. தேடும்போது "2" என்று விட்டுவிட்டு, ஐந்து பேராகப் போய் நிற்கிற குடும்பங்கள் மேசையில் மாட்டுப்படும். தேடலிலேயே பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, பிள்ளைகளின் வயது என்ன என்று உள்ளதைப் போடுங்கள். மூன்றாவது பெரியவருக்கு மேலதிகக் கட்டில் என்றால் அதற்குக் காசுதான். ஐபிஸ் போன்ற சிறு அறைகளில் அந்தக் கட்டிலுக்கு இடமே இராது. ஹொலிடே இன்னில் பெற்றோரோடு தங்கும் 12 வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம் என்ற ஏற்பாடு உண்டு. பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

காலைச் சாப்பாடு புள்ளி அறையோடு தானாக வராது. ஹொலிடே இன் எக்ஸ்பிரஸில் எல்லோருக்கும் உண்டு. மற்ற இடங்களில் பதிவுத் தாளில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. சென்னையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வெளியே இட்டலி, தோசை மலிவாகக் கிடைக்கும்போது ஹோட்டல் விருந்து மேசைக்குக் காசு கட்டத் தேவையில்லை.

புள்ளியா காசா: கணக்கு

ஒவ்வொரு பதிவுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். அதே அறைக்கு, அதே நாளுக்கு, ரத்துச் செய்யக்கூடிய காசுக் கட்டணத்தை வரிகளோடு எடுங்கள். புள்ளியில் எடுத்தாலும் கட்ட வேண்டிய வரி இருந்தால் அதைக் கழியுங்கள். மிச்சத்தைக் கேட்கும் புள்ளிகளால் பிரியுங்கள். வருவது ஒரு புள்ளியின் பெறுமதி.

வரியோடு எடுங்கள் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி கிடந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தால் 19.9 சதவீதம். 200 டொலர் என்று கண்ட அறை 239 டொலர் 80 சதத்தில் முடியும். இந்தியாவில் 2025 செப்ரெம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 இந்திய ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேலே 18 சதவீதம். புள்ளியில் எடுத்த அறைக்கு இந்த வரிகள் பொதுவாக உள்ளடங்கிவிடும். புள்ளியின் உண்மையான இலாபம் பல வேளை இந்த வரிக்குள்தான் இருக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஓர் அறை வரியோடு 118 அமெரிக்க டொலர், அல்லது 20,000 மரியட் புள்ளி. 118ஐ 20,000ஆல் பிரித்தால் புள்ளிக்கு 0.59 சதம். மரியட் புள்ளிக்கு 0.7 சதத்துக்குக் கிட்டவாவது வர வேண்டும் என்பது எங்கள் அளவுகோல், ஆகவே இங்கே காசு கட்டுவது மேல். அதே அறை இன்னொரு நாள் 200 டொலர், 22,000 புள்ளி என்றால் 0.91 சதம் வருகிறது. தயங்காமல் புள்ளியைச் செலவழிக்கலாம். ஹில்டனுக்கும் ஐஎச்ஜிக்கும் 0.5 சதம் நல்ல அளவு. ஹயட் புள்ளி பெறுமதி கூடியது, 1.5 சதத்துக்குக் கீழே விடாதீர்கள். அக்கோரில் இந்தக் கணக்கே வேண்டாம். 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு என்று நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அறை மலிவாகும் நாளில் கழிவு அதிக இரவுக்குக் காணும், அவ்வளவுதான்.

மரியட், ஹில்டன், ஐஎச்ஜி மூன்றிலும் புள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். ஒரே வாரத்துக்குள் வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் பெரிய வித்தியாசம் வரலாம். பயண நாளை ஒன்றிரண்டு நாள் முன் பின் தள்ளிப் பாருங்கள். ஹில்டனில் "சாதாரண அறை வெகுமதி", "உயர்தர அறை வெகுமதி" என்று இரண்டு வகை வரும். சாதாரணம் தீர்ந்துபோனால் பக்கத்தில் காட்டும் உயர்தர அறைக்குப் பல மடங்கு புள்ளி கேட்கும். தலைப்பைப் பார்க்காமல் அழுத்தினால் சித்தப்பா பல வருடம் சேர்த்த புள்ளி இரண்டு இரவில் முடிந்துவிடும்.

ஐந்து இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. மரியட்டில் ஒரே ஹோட்டலில் தொடர்ந்து ஐந்து இரவைப் புள்ளியில் எடுத்தால் நாலுக்குத்தான் புள்ளி கழியும், எல்லா உறுப்பினருக்கும். ஹில்டனிலும் ஐந்தாவது இரவு இலவசம், ஆனால் அதிகம் தங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் சில்வர் என்ற உறுப்பினர் தரமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். நாலு இரவு போதும் என்று நினைத்தவர் ஐந்தாவதையும் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கட்டும். ஆனால் ஐந்து இரவையும் ஒரே பதிவாகப் போட வேண்டும். இரண்டாக உடைத்துப் போட்டால் சலுகை விழாது.

குறைகிற புள்ளியைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்பார்கள். மரியட் வழமை விலை 1,000 புள்ளிக்கு 12.5 டொலர், ஹில்டன் 10 டொலர். மேலே சொன்ன பெறுமதியோடு ஒப்பிட்டால் இது நட்டம். ஓர் அறைக்கு ஓரிரு ஆயிரம் மட்டும் குறைகிறது என்ற நிலையில், அல்லது பெரிய தள்ளுபடி போடும் காலத்தில் மட்டுமே யோசிக்கலாம். உங்கள் வங்கி டொலரை ரூபாவாக மாற்றும்போது பிடிக்கும் வீதத்தையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

உறவினர் பதியும்போது

புள்ளியை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அவர் தன் கணக்கிலிருந்தே உங்களுக்காகப் பதியலாம். மாற்றுவதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு சட்டம். ஹில்டனில் குடும்பமும் நண்பர்களுமாக 11 பேர் வரை புள்ளியை ஒன்றாகப் போட இலவச வசதி இருக்கிறது. மரியட்டில் ஒருவர் வருடத்துக்கு 100,000 வரை கொடுக்கலாம். ஐஎச்ஜியில் 1,000 புள்ளிக்கு 5 டொலர் கட்டணம். புதிதாகத் திறந்த கணக்குக்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும். பயணத்துக்கு முதல் கிழமை தொடங்கினால் சரிவராது.

அவர் பதியும்போது செய்ய வேண்டியது இது. தங்கப்போகிறவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி விருந்தினர் பெயராகப் போட வேண்டும். தளம் அதற்கு இடம் தராவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் சேர்ப்பிக்க வேண்டும். பிறகு ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல்: இந்த இலக்கப் பதிவில் நான் தங்கமாட்டேன், என் உறவினர் இன்னார் தங்குவார், அவரிடம் என் அட்டையைக் கேட்க வேண்டாம். பதில் வந்ததும் அதை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல், "பதிவு செய்தவர் எங்கே" என்ற கேள்விக்கு இரவு 11 மணிக்கு வரவேற்பு மேசையில் நின்று ரொறன்ரோவுக்கு அழைக்க வேண்டிவரும். கணக்குக்காரரின் கோல்ட், பிளாட்டினம் தரத்துக்குரிய காலைச் சாப்பாடு, பெரிய அறை போன்றவை அவர் கூடத் தங்காவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்று மனதில் இருக்கட்டும். 60,000 மரியட் புள்ளி என்றால் 420 டொலர் அளவு பெறுமதி. அது அவர்களும் பிள்ளைகளோடு எங்கேயாவது போகச் சேர்த்தது. கேட்கிறபோது அதன் பெறுமதி தெரிந்து கேட்பதும், காசு கட்டுவது மேல் என்று கணக்கு சொன்னால் "வேண்டாம், வைச்சிருங்கோ" என்று சொல்வதும் முறை.

திகதியும் நேரமும்

கட்டுநாயக்காவிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் சில நள்ளிரவுக்குப் பிறகு ஏறி விடியப் போய் இறங்கும். 15ஆம் திகதி அதிகாலை 12.30க்கு ஏறுகிறவர் 14ஆம் திகதியே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதே சிலருக்குக் குழப்பம். ஹோட்டல் அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கைக்கு வரும். விடியற்காலையே அறை வேண்டுமென்றால் 14ஆம் திகதியிலிருந்து பதிய வேண்டும், அதோடு "15ஆம் திகதி காலை 7 மணிக்குத்தான் வருவோம், பதிவை வைத்திருங்கள்" என்று எழுதி அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காவிட்டால் வரவில்லை என்று எடுத்து முழுப் பதிவையும் நீக்கிவிடுவார்கள், புள்ளியும் போய்விடும். வயதானவர்களோ சிறு பிள்ளைகளோ இல்லாத பயணம் என்றால் ஓர் இரவுப் புள்ளியை இதற்குச் செலவழிக்காமல், பெட்டிகளைக் கொடுத்து வைத்துவிட்டு வெளியே போய் வருவது நல்லது.

புள்ளிப் பதிவுகளைப் பொதுவாகக் கடைசி ஓரிரு நாள் வரை கட்டணமில்லாமல் ரத்துச் செய்யலாம், புள்ளி திரும்பி வரும். விசா விண்ணப்பத்துக்கு அறைப்பதிவு காட்ட வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி. விசா மறுக்கப்பட்டாலும் நட்டமில்லை. ஆனால் கடைசி நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான். சிங்கப்பூரும் மலேசியாவும் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் முந்தியவை. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் ரத்து வசதியில்லாத அறையைத் தொடவே கூடாது. மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். கடைசித் திகதியைக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நாள் முந்தியதாகவே குறித்து வையுங்கள்.

மேசையில் கேட்கும் காசு

அறை இலவசம், ஆனாலும் வரவேற்பு மேசையில் அட்டை கேட்பார்கள். அது உடைசல், குளிர்பெட்டிச் சாமான், தொலைபேசிக் கட்டணம் போன்றவற்றுக்கான பிணை. கடனட்டை என்றால் அந்தத் தொகையைத் தடுத்து வைப்பார்கள். டெபிட் அட்டை என்றால் உங்கள் கணக்கிலிருந்தே தொகை குறைந்து காட்டும், விடுபட்டு வர இரண்டு கிழமை கூட எடுக்கலாம். கையில் எண்ணி வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காசு அப்படி முடங்கினால் வெளியூரில் பெரிய இடர். ஆகவே முன்கூட்டியே மின்னஞ்சலில் பிணை எவ்வளவு, ரொக்கமாக ஏற்பீர்களா என்று கேட்டுப் பதிலை வைத்திருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் மேசையை விட்டு நகர வேண்டாம். புறப்படுமுன் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்வதும் கட்டாயம்.

சில ஊர் வரிகளைப் புள்ளி தாங்காது. மலேசியாவில் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், ஐந்து இரவுக்கு 50 ரிங்கிட். டுபாயில் ஹோட்டலின் தரத்துக்கேற்ப இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. இது ஹோட்டல்காரரின் ஏமாற்று அல்ல, வாதாடிப் பயனில்லை.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இறங்க முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அதில் தங்கும் இடத்தின் முகவரி கேட்கும் என்பதால் ஹோட்டலின் பெயர், வீதி, தபால் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வருத்தக்காரரின் அல்லது மூத்தவரின் கைப்பையில் வையுங்கள். கைப்பேசி செத்துப்போனாலும் வாடகைக் கார்க்காரருக்குக் காட்டலாம்.

வந்த பிறகு

விடைபெறும்போது கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அறைக் கட்டணம் பூச்சியம் என்று இருக்கிறதா, பிணை விடுவித்ததாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். காசு கட்டித் தங்கிய இரவுகளுக்குப் புள்ளி சில நாட்களில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தத் தாளின் படத்தோடு கோரிக்கை போடலாம்.

சேர்ந்த புள்ளி சும்மா கிடந்தால் காலாவதியாகும். மரியட், ஹில்டன், ஹயட் மூன்றிலும் 24 மாதம் அசைவில்லாவிட்டால் போய்விடும். ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம்தான். அக்கோரில் 365 நாள். இடையில் ஒரு தரம் புள்ளி சேர்ந்தால் காலம் திரும்பத் தொடங்கும். மரியட்டில் இன்னொருவர் அனுப்பிய புள்ளி அப்படி ஓர் அசைவாகக் கணக்கெடுக்கப்படாது. மாமி, சித்தப்பாமாரின் கணக்குகளிலும் காலாவதித் திகதியை வருடத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பயணம் குறைந்தவர்களின் புள்ளிதான் ஒருவருக்கும் பயன்படாமல் அதிகம் அழிகிறது.